சாம்பலில் தெரிந்த எந்திரம்

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பிய வருஷம், இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கும் ஒரு விஞ்ஞானி வந்து சேர்ந்தார். பெயர் எந்திரச் சாமி. கையில் கருவி எதுவும் கிடையாது, ஒரு தட்டுச் சாம்பல் மட்டும். அதை ஊதினால் வரப்போகும் எந்திரமெல்லாம் தெரியுமாம்.

"புதன்கிழமை கொழுந்து உருட்டுற எந்திரம் வருது" என்றார். புதன்கிழமை தேயிலை ஃபெக்டரி வாசலில் அது வந்து இறங்கியது. போதாதா? சாமி குடிசைக்கு முன்னால் ஆணும் பெண்ணும் வரிசை கட்டினார்கள்.

அடுத்து ஒரு குண்டு போட்டார். "கொழுந்து பறிக்கிற எந்திரமும் வரப்போகுது. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல உங்க பேரக் கூப்பிட மாட்டாங்க. பரிகாரம் செஞ்சவங்க பேரு மட்டும் நிக்கும்."

பரிகாரம் என்றால் கோழி, ஆடு. வருங்காலத்தைப் பார்ப்பவருக்கு நிகழ்காலத்தில் நல்ல பசி.

மீனம்மாவிடம் இருந்தது ஒரு கறவை மாடு. அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அந்த மாட்டுப் பாலில்தான் வளர்ந்தது. "பேரு போயிட்டா குடியிருக்கிற லயத்த விட்டும் வெரட்டிருவாங்க அண்ணி. வெள்ளிக்கிழமை மாட்டக் குடுத்துர்றேன்" என்று அழுதாள்.

அண்ணி ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் அழகன் தோட்டத்து லொறியில் கிளீனர். ரயில் ஸ்டேஷனில் சாமான் ஏற்றி வருகிறவன்.

"தோட்டத்துக்கு வர்ற பெட்டியெல்லாம் ரெண்டு மூணு நாளு ஸ்டேஷன்லதான் கெடக்கும். தேத்தண்ணிக் கடை மாயாண்டி தெனமும் வந்து பெட்டி மேல எழுதினத வாசிச்சிட்டுப் போறான். அவன் சாமிக்கு மச்சான்" என்றான் அழகன்.

மறுநாளே ஒரு தேயிலைப் பெட்டியை ஆணி அடித்து மூடி, 'கொழுந்து பறிக்கும் எந்திரம்' என்று பெரிதாக எழுதி ஸ்டேஷனில் வைத்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மீனம்மா மாட்டோடு நின்றாள். சாமி சாம்பலை ஊதினார். "ஸ்டேஷனுக்கு வந்துருச்சு. அதுக்கு இருநூறு வெரலு. ஒவ்வொரு வெரல்லயும் கத்தி."

"பெட்டிய ஸ்டேஷன்லருந்து ஏத்தியாந்தாச்சு, லொறியிலதான் இருக்கு சாமி. வெரல எண்ணிப் பாத்துருவோம்" என்றாள் ராக்காயி.

அழகன் பலகையைப் பெயர்த்தான். உள்ளே மீனம்மா மாட்டின் சாணி. "எழுதினது நாங்க, வாசிச்சது மாயாண்டி. சாம்பலுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் ராக்காயி. ஜனங்கள் சாமியின் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டு இருநூறு விரலையும் தேடச் சொன்னார்கள். பிறகு அவரவர் கொடுத்த ஆட்டையும் கோழியையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்ப எந்திரம் வராதா அண்ணி?" என்றாள் மீனம்மா, மாட்டுக் கயிற்றை விடாமல்.

"என்னைக்காவது வரும்டி. வந்தா அத ஓட்டுறது யாரு, வேல போறவங்களுக்கு என்ன வழின்னு ஞாயித்துக்கெழமை யூனியன் கூட்டத்துல இப்பவே கேப்போம்."

அவளும் வருங்காலத்தைத்தான் பார்த்தாள், சாம்பல் இல்லாமல். எந்திரம் நம் கைவேலையைப் பிடுங்குமோ என்னவோ, அது இருக்கட்டும். மூளை வேலையை நாமே கொண்டுபோய்ச் சாமிக்குக் கொடுத்துவிட்டால், எந்திரம் வந்து பிடுங்க என்ன மிச்சம் இருக்கும்?