பதினோராம் படியும் மௌன ஜெபமும்

20.03.2025, வியாழக்கிழமை, காலை 10.15

நமது சபையின் போதகரும், வீட்டளவில் என் மாப்பிள்ளையுமான தங்களுக்கு, கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள். தாங்களும் என் மகளும் சுகமாயிருப்பதை நேற்று மாலை 5.50க்கு ஜெபக்கூட்டத்தில் நேரில் கண்டுவிட்டபடியால் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. இக்கடிதத்தை மாமனாராக அல்ல, நாற்பத்தோராண்டு கால சபை அங்கத்தினராக எழுதுகிறேன். ஆகவே இதை வீட்டில் வைத்துப் படிக்காமல் சபை அலுவலகத்தில் வைத்துப் படிக்கவும். என் மகளிடம் காட்ட வேண்டாம். அவள் சிரிப்பாள்.

கடந்த மார்ச் 2ஆம் தேதி ஞாயிறன்று, வீட்டு ஜெபக்கூட்டங்களில் இனி எவரும் வாய்விட்டு ஜெபிக்கலாகாது, ஏழு நிமிட மௌன ஜெபம் மட்டுமே என்று தாங்கள் பிறப்பித்த உத்தரவை மனதார வரவேற்கிறேன். அதற்கு நான் காரணம் என்று சபையில் பரவியிருக்கும் பேச்சை மறுக்கவும், உண்மைக் காரணமான என் மைத்துனரை வேறு தெருக் குழுவுக்கு மாற்றும்படி கேட்டுக்கொள்ளவுமே இக்கடிதம். என் மறைந்த மனைவியின் தம்பி, தங்கள் மனைவிக்குத் தாய்மாமன், ஒன்பது அங்குலச் சுவருக்கு அப்பால் அதே வீட்டின் மறுபாதியில் குடியிருப்பவர், பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றும் குரல் மட்டும் ஓய்வு பெறாதவர் என்று தங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஆரம்பம் தங்களுடைய பிரசங்கம்தான். ஜனவரி 5ஆம் தேதி, "ஞாயிற்றுக்கிழமை விசுவாசம் ஆலய கேட்டோடு நின்றுவிடக் கூடாது, அது அடுத்த வீட்டுக்குத் தெரிய வேண்டும்" என்று சொல்லி, தெருவாரியாகக் குழு பிரித்து, அவரையும் என்னையும் ஒரே அறையில் உட்கார வைத்தீர்கள். நானும் அவரும் 2013 செப்டம்பர் 3ஆம் தேதியிலிருந்து பேசுவதில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, இரண்டு நாளில் தருகிறேன் என்று என்னிடம் வாங்கிப்போன ஏணியைப் பதினேழு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். நான் அதைக் கடையில் வாங்கிய அன்றே எண்ணி நாட்குறிப்பில் எழுதி வைத்த பதினொரு படிகளில் பத்துதான் வந்தது. கேட்டதற்கு, "நான் என்ன அத்தான், படியைக் கடிச்சா தின்னேன்?" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஊரார் தராசையெல்லாம் சரிபார்த்தவனிடம் இப்படிப் பேசினால் நான் என்ன செய்வேன்? அன்று ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். வாயையும் பூட்டினேன்.

ஜனவரி 8ஆம் தேதி முதல் கூட்டம் என் வீட்டு ஹாலில். எல்லோரும் கண்ணை மூடினோம். அவர் எழுந்து, "ஆண்டவரே, உம்முடைய தாசன் ஒருத்தர் இந்த ரூம்ல இருக்கார், பேர் சொல்ல மாட்டேன், நீலச் சட்டை போட்டிருக்கார், முற்பிதாவுக்குக் கனவுல வானம் வரைக்கும் ஏணியைக் காட்டினீரே, அவர் படியை எண்ணிக்கிட்டா நின்னார்?" என்று முழங்கினார். ஓய்வு பெற்ற நர்ஸம்மா விவரம் புரியாமல் "ஆமென்!" என்றார். ஜெபத்துக்கு நடுவே எழுந்து ஆட்சேபிக்க நமது சபை விதிகளில் இடமில்லை, இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆகவே 15ஆம் தேதி நானும் ஜெபித்தேன். கொடுத்த தேதி, மணி, கிழமை, படிகளின் எண்ணிக்கை, இடைவெளி அங்குலக் கணக்கு அத்தனையையும் கர்த்தருடைய சமுகத்தில் வைத்தேன். பதினான்கு நிமிடம் ஆயிற்று. "சர்வ ஞானமுள்ளவருக்குத் தேதி எதுக்குப்பா?" என்று என் மகள் கேட்டாள். பதிவுக்காக என்றேன்.

பிறகு இது வாராவாரம் நடந்தது. ஆனாலும் நீதியாகச் சொல்ல வேண்டும், ஜெபங்களுக்குப் பதிலும் கிடைத்தது. ஜனவரி 22ஆம் தேதி, விடியற்காலை ஐந்து மணிக்குச் சிலர் வீட்டு ரேடியோ தெருவையே எழுப்புகிறது கர்த்தாவே என்று விண்ணப்பித்தேன். 23ஆம் தேதி காலை ரேடியோ முணுமுணுத்தது. பத்தரை மணி நேரத்தில் கர்த்தர் கேட்டருளினார். பிப்ரவரி 12ஆம் தேதி அவர், "ஆண்டவரே, முட்டி தேஞ்சுபோச்சு, மாசாமாசம் 19ஆம் தேதி மொட்டைமாடித் தண்ணித் தொட்டியைக் கழுவணும், ஆறு மாசம் என் முறையா வெச்சுட்டீரே" என்று அழாத குறையாக ஜெபித்தார். 18ஆம் தேதியே நான் ஏணி வைத்து ஏறிக் கழுவிவிட்டேன். அவருக்காக அல்ல. தொட்டியில் பாதி என்னுடையது.

இப்படியிருக்க, பிப்ரவரி 26ஆம் தேதி நர்ஸம்மா வீட்டில் நடந்த சம்பவத்தைத் தாங்கள் ஒரு பக்கமாகவே கேட்டிருக்கிறீர்கள். அவர் ஜெபிக்கையில் நானும் ஜெபிக்கத் தொடங்கினேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். நர்ஸம்மா, "யார் பக்கம் ஆமென் சொல்றதுன்னே தெரியலைங்க, நான் போய் டீயைச் சூடு பண்றேன்" என்று எழுந்து போனார். அப்போது மைத்துனர், "ஆண்டவரே, அந்தப் படி இல்லாமலேதான் ஏணி எனக்கு வந்துச்சுன்னு இந்த மனுஷனுக்கு ஒரு சொப்பனத்துலயாவது சொல்லும்" என்றார். சரியாக 6.52க்கு, என்னையறியாமல் "டேய்!" என்று கத்திவிட்டேன். பதினொரு ஆண்டு, ஐந்து மாதம், இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவரும் திறந்துதான் வைத்திருந்தார். பல்லைக் காட்டிக்கொண்டு, "அப்பாடா! அப்புறம்? சொல்லுங்க அத்தான்" என்றார். நான் கண்ணை இறுக மூடி "ஆமென்" என்று சொல்லி முடித்துவிட்டேன். இதில் என் தவறு என்ன மாப்பிள்ளை? ஜெபத்தை ஆமென் சொல்லித்தானே முடிப்பார்கள்?

மௌன ஜெபம் வந்த பிறகும் அவர் அடங்கவில்லை. மார்ச் 12ஆம் தேதி ஏழு நிமிடமும் உதட்டை அசைத்து, முழங்காலைத் தடவி, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நேற்றுக் காலை 7.20க்கு, என்னால் திருப்பிக் கேட்க முடியாது என்ற தைரியத்தில், சுவருக்கு அப்பால் ஏதோ பெரிய சாமானைத் தடாலென்று போட்டார். மாலையில் அவருடைய நாற்காலி காலி. ஏழு நிமிடம் தேவ சமுகத்தில் வாய் மூடி இருக்கத் திராணியற்றுத் தப்பி ஓடிவிட்டார் என்பது என் தாழ்மையான கருத்து. விசுவாசத்தை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பது எல்லோருக்கும் வராது. எனக்கு வந்திருக்கிறது, அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

தங்கள் ஊழியம் பெருகவும், என் மகளின் இருமல் தீரவும், தங்கள் பிரசங்கம் நாற்பது நிமிடத்துக்குள் அடங்கவும் நாள்தோறும் ஜெபிக்கும்,
சபை அங்கத்தினர்
(மாமனார்)

பி.கு. அதே நாள், மாலை 5.40. உறையை ஒட்டிய பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். நர்ஸம்மா வந்திருந்தார். நேற்றுக் காலை என் மைத்துனர் தொட்டி கழுவ மேஜை மேல் ஸ்டூல் போட்டு ஏறி விழுந்து, முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாராம். நேற்று மாலையே ஏன் சொல்லவில்லை என்றேன். "மௌன ஜெபமாச்சே, எப்படிங்க சொல்றது?" என்றார். மைத்துனரும் 12ஆம் தேதி மௌனமாகத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படிக் கேட்கும்? ஏணி என்னிடம் பூட்டில் இருக்கிறது.

என் மனைவியின் கைத்தடியை நர்ஸம்மா மூலம் கொடுத்தனுப்பலாம் என்று பரண்மேல் தேடினேன். அதனருகே செய்தித்தாளில் சுற்றிய ஒரு மரத்துண்டு. சீட்டு ஒட்டியிருந்தது. "ஏணி, மேலிருந்து நான்காம் படி. விரிசல் கண்டு கழற்றிய நாள் 11.08.2013, ஞாயிறு, ஆராதனைக்குப் பின். மாற்றுப்படி போட வேண்டும்." கையெழுத்து என்னுடையது.

ஆகவே அவரைக் குழு மாற்ற வேண்டாம். அதற்குப் பதிலாக, வரும் புதன்கிழமை ஒரு நாள் மட்டும், அவருடைய கட்டிலருகே கூட்டத்தை வைத்து, வாய்விட்டு ஜெபிக்க அனுமதிக்கவும். கர்த்தரிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும், அது அவருக்குக் கேட்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும், முக்கியமாக அவர். மூன்று நிமிடம் போதும், தேதி ஒன்றுதான். நர்ஸம்மா, "ஒரே சுவர்தானேங்க, ரெண்டு எட்டு வெச்சு இப்பவே போய் நேரா சொல்லிடுங்களேன்" என்கிறார். மாப்பிள்ளை, அந்த அளவுக்கு நான் இன்னும் விசுவாசத்தில் வளரவில்லை.