ஒண்ணு எட்டு சைஸ்ல ஒரு ஹோஸ்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டுக்கு ஒரு ஹோஸ் வாங்கணும்.

தண்ணி ஊத்துற ஹோஸ் இல்ல. தூசி உறிஞ்சுற ஹோஸ். இதை முதல்லயே விளக்கிடுறேன். அன்னைக்குப் பூரா மதுரையில பாதிப் பேருக்கு நான் இதைத்தான் விளக்கிக்கிட்டு இருந்தேன்.

திருப்பரங்குன்றத்துல வீடு கட்டுனப்போ எங்க இன்ஜினியர், "சார், சென்ட்ரல் வேக்கம் போட்டுருவோம்"னு ஆரம்பிச்சார். மெஷின் அடுப்படிக்குப் பின்னாடி வெளிச்சுவத்துல தொங்கும். சுவத்துக்குள்ளயே குழாய் ஓடும். அங்கங்க சுவத்துல ஒரு ஓட்டை. ஓட்டையில ஹோஸைச் சொருகிக் கூட்டுனா தூசி பூரா நேரா மெஷினுக்குப் போயிரும்.

"இந்தத் தெருவுல யார் வீட்லயும் இல்ல சார்"னு கடைசியா ஒரு வார்த்தை சொன்னார். நான் விழுந்தது அந்த வார்த்தையிலதான்.

அதுக்கப்புறம் வர்ற விருந்தாளிக்கெல்லாம் காபிக்கு முன்னாடி ஓட்டையைக் காட்டுறது என் வழக்கமாயிருச்சு. ஆனா ஒரு நாள்கூட நான் அந்த ஹோஸைப் பிடிச்சுக் கூட்டுனதில்ல. கூட்டுறது முத்துமாரி அக்கா. எங்க வீட்டு வேலைக்கு வர்றவங்க. முதல்ல "இது என்ன சார் சுவத்துக்குள்ள பாம்பு"னு முறைச்சாங்க. ஒரு மாசத்துல, "குனியாமக் கூட்டுறதுல இடுப்பு வலி பாதி போயிருச்சு சார்"னு சொல்லிட்டாங்க. அதையும் விருந்தாளிகள்கிட்ட நான்தான் சொல்லிக்குவேன், என்னமோ வைத்தியம் பாத்தது நான்கிற மாதிரி.

அந்த ஹோஸ்தான் கிழிஞ்சு போச்சு. அழகா இருக்கட்டும்னு நான் ஒரு ஆணி அடிச்சு அதுல மடிச்சுத் தொங்கவிட்டிருந்தேன். மடிச்ச எடத்துலயே வெடிச்சிருச்சு. டேப்பை ஒட்டி, டேப்பு மேல டேப்பை ஒட்டி, ரெண்டு வாரம் ஓட்டுனேன். முத்துமாரி அக்கா வெளக்கமாத்துக்குத் திரும்பிட்டாங்க. இடுப்பு வலியும் திரும்பிருச்சு.

வெள்ளிக்கிழமை கெளம்பும்போது என் மனைவிகிட்ட சொல்லியிருக்காங்க. "டீச்சர், தப்பா நெனைக்காதீக. எதிர்வீட்டுல கூப்பிடுறாக. அங்க ரெண்டே ரூமு. திங்கக்கிழமையிலேருந்து அங்க போயிரலாம்னு பாக்குறேன். குனிய முடியல."

என் மனைவி பசுமலையில ஸ்கூல் டீச்சர். எதையும் ரெண்டு தடவை சொல்ல மாட்டா. "மெஷின் போனா வேற மெஷின் வாங்கலாம். முத்துமாரி அக்கா போனா எந்தக் கடையில போய் வாங்குவீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஹோஸ் வரணும்."

"ஒரு ஹோஸ்தான? பத்து நிமிஷ வேலை"ன்னேன்.

அளவு எடுக்கணும்ல? அளக்குற டேப்பைத் தேடுனேன், கெடைக்கல. மேஜை மேல ஒரு வளையல் பெட்டி இருந்துச்சு. எங்க அக்கா பேத்திக்கு அடுத்த வாரம் காதுகுத்து. அதுக்கு வாங்கி வச்ச கண்ணாடி வளையல். சும்மா ஒண்ணை எடுத்து, சுவத்துல சொருகுற ஹோஸ் முனையில மாட்டிப் பாத்தேன். அப்படியே கச்சிதமா உக்காந்துருச்சு! பெட்டியில 1.8னு அச்சடிச்சிருந்துச்சு.

ஒண்ணு புள்ளி எட்டு இஞ்ச். டேப்பு எதுக்கு, மூளை இருக்கும்போது? வளையலைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

முதல் கடை, மிக்ஸி, வாஷிங் மெஷின் ரிப்பேர் பாக்குற கடை.

"அண்ணே, வேக்கம் கிளீனர் ஹோஸ் வேணும்."

"மெஷினைக் கொண்டாங்க சார். பாத்து மாட்டித் தாரேன்."

"மெஷின் சுவத்துல இருக்குண்ணே. குழாயெல்லாம் சுவத்துக்குள்ள."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சார். "அப்ப சுவத்தைக் கொண்டாங்க."

நான் வளையலை எடுத்துக் காட்டி, "அளவு இருக்குண்ணே"ன்னேன். அவர் ரொம்ப நேரம் வளையலைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். "ஃபேன்சி ஸ்டோரு நாலு கடை தள்ளி சார்."

அடுத்தது பம்ப்செட் கடை. வாசல்லயே விதவிதமா ஹோஸ் சுத்திச் சுத்தி அடுக்கியிருந்தாங்க. பாத்ததும் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

"தண்ணிக்கா, டீசலுக்கா, செப்டிக் டேங்குக்கா?"ன்னார் கடைக்காரர்.

"தூசிக்கு."

கடைக்காரர் தலையைச் சொறிஞ்சார். மோட்டாருக்கு வாஷர் வாங்க வந்த உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருத்தர்தான் பேசுனார். "உறிஞ்சத்தானண்ணே வேணும்? சக்‌ஷன் ஹோஸை வாங்குங்க. இந்தா, பச்சக் கலரு. ஆனை மிதிச்சாலும் நசுங்காது. எங்க கெணத்துல இருபது அடி ஆழத்துலேருந்து தண்ணிய இழுக்குது. ஒங்க வீட்டுல கெடக்குறது தூசிதான, பாறாங்கல்லா?"

எனக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

"ஒண்ணு புள்ளி எட்டு இஞ்ச்ல குடுங்க"ன்னேன்.

"அப்படி எவனும் அடிக்கிறதில்ல சார். ஒன்றரை இருக்கு, ரெண்டு இருக்கு."

"ஒன்றரை பத்தாது. ரெண்டே குடுங்க. பெருசா இருந்தா நல்லா இழுக்கும்ல?"

"எம்புட்டு நீளம்?"

"முப்பது அடி." இந்த முப்பது எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்.

அம்புட்டையும் ஸ்கூட்டர்ல எப்படிக் கொண்டு வர்றது? கடைக்காரரும் விவசாயியும் சேந்து வளையம் வளையமா என் கழுத்து வழியா இறக்கிவிட்டாங்க. கையை மடக்க முடியல. கழுத்தைத் திருப்ப முடியல. சிக்னல்ல, நான் வேலை பாக்குற காலேஜோட ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் கார்ல பக்கத்துல வந்து நின்னார். கண்ணாடியை இறக்குனார்.

"என்ன சார், செப்டிக் டேங்க் நெறஞ்சிருச்சா?"

"இல்ல சார். வீடு கூட்ட."

கண்ணாடியை மெதுவா ஏத்திக்கிட்டார்.

வீட்டுக்கு வந்து சொருகுனா, ரெண்டு இஞ்ச் ஹோஸ் ஓட்டைக்குள்ள நுழையவே இல்ல. நுழையாதுதான். விட்டுருவமா? பழைய ஹோஸோட முனையை மட்டும் அறுத்து, ஓட்டையில சொருகி, அதைப் புதுசுக்குள்ள விட்டு, நடுவுல பழைய சைக்கிள் டியூபைச் சுத்தி, கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டுனேன்.

மெஷின் ஓடல. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஆன் பண்ற சுவிட்ச் பழைய ஹோஸோட கைப்பிடியில இருந்துச்சு. அதை நான்தான் அறுத்துப் போட்டிருந்தேன்.

மெஷின்லயே ஒரு சுவிட்ச் உண்டு. ஆனா அது அடுப்படிக்குப் பின்னாடி. மனைவியை அங்க நிக்கச் சொன்னேன். கையில திருத்துற பேப்பரோட போய் நின்னா. "நான் டீச்சருக்குப் படிச்சது இதுக்குத்தான்"னு சொல்லிட்டுத்தான் போனா.

சாயங்காலம் பாத்திரம் தேய்க்க முத்துமாரி அக்கா வந்தாங்க. நான் பெருமையா ஹோஸைக் காட்டுனேன். அவங்க ஒரு முனையைத் தூக்கிப் பாத்துட்டுக் கீழ வச்சாங்க.

"இத நான் பிடிக்கணுமா சார், இல்ல இது என்னையப் பிடிக்குமா?"

"புதுசுல அப்படித்தாங்க்கா இருக்கும். நான் ஓட்டிக் காட்டுறேன் பாருங்க. ஆன்!"

மெஷின் உறுமுச்சு. சைக்கிள் டியூப் பக்கமிருந்து விசில் சத்தம் வந்துச்சு. முனையில சுத்தமா இழுவையே இல்ல. சோபாவுக்கு அந்தப் பக்கம் போனா இழுக்குமோன்னு நான் ஹோஸைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன்.

கடையில மாசக்கணக்கா சுருண்டு கெடந்த ஹோஸ் அது. என் கையை விட்டு நழுவுன வேகத்துல மறுபடி சுருண்டுச்சு. சுருளும்போது வழியில இருந்த சாமி அலமாரியையும் ஒரு தட்டுத் தட்டுச்சு. விபூதித் தட்டு, குங்குமச் சிமிழு, பத்திரமா இருக்கட்டும்னு நான் அங்க வச்சிருந்த காதுகுத்து வளையல், எல்லாம் தரையில. வெள்ளை டைல்ஸ் பூரா செவப்பு. "ஆஃப்! ஆஃப்!"னு கத்துறேன், மெஷின் சத்தத்துல அடுப்படிக்குப் பின்னாடி இருக்குறவளுக்கு எங்க கேக்கப் போகுது? அவ நிம்மதியா நின்னுக்கிட்டே ரெண்டு பேப்பர் திருத்தி முடிச்சுட்டா.

முத்துமாரி அக்கா போய் வெளக்கமாத்தை எடுத்துட்டு வந்தாங்க. ஒரு கையை இடுப்புல ஊனிக்கிட்டு, குனிஞ்சு, ஒடைஞ்ச கண்ணாடியையும் குங்குமத்தையும் கூட்டுனாங்க. நான் வாங்கி வர்றேன்னு கெளம்புனது அவங்க குனியாம இருக்கத்தான். எனக்கு உண்மையிலேயே வெட்கமாப் போச்சு. "குடுங்க, நான் கூட்டுறேன்"னு போனேன். "நீங்க நவுருங்க சார், மிதிச்சிராதீங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில முதல் வேலையா சன்னதித் தெருவுக்கு ஓடுனேன். வளையல் கடை அக்காகிட்ட ஒடைஞ்ச துண்டைக் காட்டி, "ஒண்ணு புள்ளி எட்டு இஞ்ச்ல இதே மாதிரி ஒண்ணு"ன்னேன்.

"ஒண்ணு எட்டுன்னு சொல்லுங்க சார். புள்ளியெல்லாம் கெடையாது. ஒரு இஞ்ச்சு, அதுக்கு மேல பதினாறுல எட்டுப் பங்கு. ஒன்றரை இஞ்ச்சு."

பம்ப்செட் கடைக்காரர் ஒன்றரையைத்தான முதல்ல நீட்டுனார்! நான்தான பத்தாதுன்னேன்! பொலம்பலா அந்த அக்காகிட்டயே முழுக் கதையையும் சொல்லிட்டேன். அவங்க சிரிக்கல. கேட்டு முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"யாரு சார் அதைப் பிடிச்சுக் கூட்டுறது?"

"வேலைக்கு வர்ற அக்கா."

"அவங்களைக் கூட்டிட்டுப் போனீங்களா? இங்க பொம்பளைக்கு வளையல் வாங்க ஆம்பள தனியா வந்தா, போடுற கையைக் கொண்டாங்கன்னுதான் நாங்க சொல்லுவோம்."

வீட்டுக்கு வந்து, மெஷின் மேல இன்ஜினியர் அப்பவே ஒட்டிட்டுப் போன நம்பரை முதல் தடவையாப் பாத்து அவருக்குப் போன் போட்டேன். மாட்டுத்தாவணிப் பக்கம், ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் துப்புரவுச் சாமான் விக்கிற ஒரு கடையில இந்த ஹோஸ் இருக்குன்னார். சனிக்கிழமை கேட்டிருந்தா சனிக்கிழமையே சொல்லியிருப்பார்.

முத்துமாரி அக்கா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

"நான் எதுக்கு சார்? எனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சதை நேத்துப் பாத்தீங்கள்லக்கா?"

அந்தப் பதில் அவங்களுக்கு நியாயமாப் பட்டிருக்கும் போல. ஸ்கூட்டர்ல பட்டது போதும்னு இந்தத் தடவை காரை எடுத்திருந்தேன். நல்ல சேலை கட்டி, பூ வச்சு வந்து கார்ல பின்னாடி உக்காந்தாங்க. நான் குங்குமக் கறை படிஞ்ச நேத்தைய சட்டையோட ஓட்டிட்டுப் போனேன்.

கடையில ஏசி. கடைக்காரர் எழுந்து வந்து, "கைப்பிடியில சுவிட்ச் வச்சதா, வைக்காததா?"ன்னு கேட்டார். நான் வாயைத் தொறந்தேன்.

"வச்சது. கட்டைவிரல் பக்கத்துல இருக்கணும்"னாங்க முத்துமாரி அக்கா.

"நீளம்?"

"ஹால் ஓட்டையிலேருந்து மாடிப்படியில ஏழாவது படி வரைக்கும் எட்டுனாப் போதும். அதுக்கு மேல மாடி ஓட்டை பாத்துக்கும். ரொம்ப நீளமா இருந்தா நானே தடுக்கி விழுவேன்."

கடைக்காரர் நாலு ஹோஸ் எடுத்துப் போட்டார். அவங்க ஒண்ணொண்ணாத் தோள்ல போட்டுக் கடைக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாங்க. மடக்கிப் பாத்தாங்க. நாக்காலிக்கு அடியில விட்டு இழுத்தாங்க. மூணாவதுல நின்னாங்க. "இது கையில இருக்குறதே தெரியல. இதைக் குடுங்க." கடைக்காரர் சுவர் முனையை அளந்து பாத்தார். ஒன்றரை. நான் அந்தக் கடையில பேசுன மொத்தப் பேச்சு, "கார்டு வாங்குவீங்களா?" மட்டும்தான்.

அதுவரைக்கும், வீட்டுக்கு வர்றேன்னோ எதிர்வீட்டுக்குப் போறேன்னோ அவங்க ஒரு வார்த்தை சொல்லல. கேக்க எனக்கும் தைரியம் இல்ல.

கடைக்காரர் ஹோஸைச் சுத்திக் கட்டிட்டு, என் சட்டையை ஒரு பார்வை பாத்துட்டு, முத்துமாரி அக்காகிட்ட மரியாதையாக் கேட்டார். "அம்மா, டிரைவர்கிட்ட குடுத்துரவா?"

அவங்க என்னைத் திரும்பிப் பாத்தாங்க. சிரிப்பை அடக்குனது எனக்கு மட்டும் தெரிஞ்சுச்சு.

"குடுங்க. மடக்காமக் கொண்டு போகச் சொல்லுங்க, நாளைக்குக் காலையில நான் வந்ததும் எனக்கு அது வேணும்."

நான் டிரைவர் இல்லைன்னு யாரும் சொல்லல, முக்கியமா நான் சொல்லல.