முடியவே முடியாத பத்து நிமிடம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது சம்பந்தமே இல்லாதவர்கள்தான். (இதைப் படித்துவிட்டு என் கணவர் தலையாட்டுவார். ஆட்டட்டும்.)

படிப்பு முடிந்து, கல்யாணம், குழந்தை என்று மூன்று வருடம் வீட்டிலிருந்த பிறகு, சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு அட்டை அச்சடிக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கே வார்னிஷ் பூசிய அட்டைகளை ட்ரையருக்குள் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஹீட்டரை அணைப்பார்கள். தானாகவே அணைய வைக்கிறேன் என்று, ஹீட்டரை இயக்கும் கன்ட்ரோலரில் டைமருக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பத்து நிமிடம் எண்ணி முடித்ததும் ஹீட்டர் அணையும். புது லோடுக்குப் புதிதாக எண்ண வேண்டுமல்லவா? அதற்காக டைமரின் ரீசெட்டைக் கதவு சுவிட்சோடு இணைத்தேன். கதவைத் திறந்தால் எண்ணியதெல்லாம் அழிந்து பூஜ்யம். மூடினால் முதலிலிருந்து எண்ணும். ஹீட்டர்? அது டைமர் முடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும். என்ன புத்திசாலித்தனம்!

"இந்த லோடு நல்லா வந்தா நாளையிலருந்து வேலைக்கு வாங்க. இல்லேன்னா கடிகாரமே போதும்" என்று சொல்லிவிட்டு முதலாளி அண்ணாச்சி ஆபீசுக்குள் போய்விட்டார்.

லோடு உள்ளே போனது. இரண்டு நிமிடத்தில் சந்தேகம்: ஹீட்டர் எரிகிறதா? திறந்து பார்த்தேன். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: அட்டை ஒட்டிக்கொண்டிருக்குமோ? திறந்தேன். ஒட்டவில்லை. அதற்கப்புறம் எதெதற்குத் திறந்தேன் என்று நினைவில்லை. (சந்தேகத்துக்குக் காரணம் வேறு வேண்டுமா?)

அரைமணி நேரமாகியும் ஹீட்டர் அணையவில்லை. தீய்ந்த வாடை வந்தது. எனக்கு வந்ததே கோபம்! கன்ட்ரோலர் விற்றவனைத் திட்டினேன். கரண்ட்டைத் திட்டினேன். கடைசியில் ட்ரே அடுக்கும் மாரியம்மாள் அக்கா மீது பாய்ந்தேன்.

"யாரு சும்மா சும்மா கதவைத் தொறந்தது? தொறந்தா டைமர் மொதல்லருந்து எண்ணும்னு தெரியாதா?"

"நீங்கதாம்மா தொறந்தீக" என்றார் நிதானமாக. "ஒம்பது தடவ. நான் எண்ணிட்டேன். ஒங்க மெசினுதான் எண்ணல."

வாடை பிடித்து அண்ணாச்சி வந்தார். அட்டைகள் அப்பளமாக வளைந்திருந்தன. அதில் அச்சடித்திருந்த மயில், வறுத்த கோழி நிறத்துக்கு வந்திருந்தது.

"தப்பு மெசின்லயா, ஆள்லயா?"

மெஷின் என்று சொல்லியிருக்கலாம். இருந்த எரிச்சலில் உண்மை வந்துவிட்டது. "ஆள்லதான் அண்ணாச்சி."

"அப்ப மெசின் இருக்கட்டும். ஆள மாத்திருவோமா?"

"ஆளும் இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார் மாரியம்மாள் அக்கா. "கதவுக்கு ஒரு பூட்டப் போடுங்க. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

வேலை கிடைத்தது. அன்றைக்கே ரீசெட்டைக் கதவிலிருந்து எடுத்துத் தனிப் பொத்தானுக்கு மாற்றிவிட்டேன். இப்போது நூறு முறை திறந்தாலும் டைமருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் பூட்டு போகவில்லை. கேட்டால், "எதுக்கும் கெடக்கட்டும் தாயி" என்கிறார் அக்கா.

வீட்டில் இன்னும் மோசம். மகளைத் தூங்க வைத்துவிட்டு, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க அறைக் கதவுப் பக்கம் போனாலே, "தொறக்காத! மறுபடி சீரோவுலருந்து தாலாட்டணும்" என்பார் கணவர். மாமியார் சிரிப்பார். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அதே பேச்சு, அதே சிரிப்பு. "அது வேற, இது வேற! எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன். உள்ளே மகள் விழித்து அழ ஆரம்பித்தாள்.

கதவை நான் தொடவே இல்லை. இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்கிறவர்கள், அதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.