வெள்ளை உறையில் பதிந்த முதுகு

வெளிநாடு போய் வந்தவன் அந்த நாட்டையே கரைத்துக் குடித்திருப்பான் என்று எங்கள் தென்காசிப் பக்கம் நம்புவார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி வேலையாக ஒரு குளிர்காலம் ஸ்காட்லாந்தில் இருந்தேன். அங்கே நான் அதிகம் குடித்தது மோர். ஆனால் வரும் வழியில் விமான நிலையத்தில் வாங்கிய ஒரே ஒரு விஸ்கி பாட்டிலை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் வருடக்கணக்கில் பிரசங்கம் செய்தேன். (அந்தப் பாட்டிலை எலுமிச்சை சோடா கலந்துதான் தீர்த்தேன் என்பது என் மனைவி செல்விக்கு மட்டும் தெரியும்.)

செல்வியின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே சேர்த்ததையெல்லாம் போட்டு ஐந்தருவி போகிற வழியில் ஒரு ரிசார்ட் கட்டினார். சீசனில் கூட்டம் வரும். சீசன் முடிந்தால் குரங்குகள் வரும், அவை வாடகை தருவதில்லை. வருடம் முழுக்க ஆட்களை அனுப்பக்கூடிய டிராவல்ஸ்காரர் ஒருவரைக் கொச்சியிலிருந்து வரவழைத்து, அவரை அசத்துவதற்காக ஒரு விஸ்கி ருசி பார்க்கும் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தார். பாட்டில்களைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். என்ன விஸ்கி என்றே தெரியாமல் மோந்து, ருசித்து, கூட வைக்கும் பலகாரத்தைக் கடித்து, மணம் குணம் சொல்ல வேண்டும். லேபிளைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்களைத் தோலுரிப்பதற்கென்றே கண்டுபிடித்த வித்தை. அதற்கு மச்சான் என்னை முதல் வரிசைக்கு அழைத்தார்.

"மாப்ள, நம்ம குடும்பத்துல ஸ்காட்லாந்து பாத்தவரு நீரு ஒருத்தருதான். நாலு வார்த்தை எடுத்து விடும். அந்தாளு சரின்னுட்டாம்னா நான் பொழச்சேன்."

நிகழ்ச்சியன்று மதியம், சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது, மற்றவர்களுக்கு விஸ்கியின் மணம் தெரியாது என்று போனில் செய்தி வந்தது. நான் அதற்குள் பாதி பாட்டில் சென்ட்டை அக்குளுக்கும் மீதியைச் சட்டைக்கும் செலவழித்திருந்தேன். போகிற வழியில் அருவியில் குளித்தால் போயிரும்லா என்று செல்வி யோசனை சொன்னாள். வேறு சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நிற்பதா? எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என்னை விடவில்லை, நானும் திமிறவில்லை. மிளகு, ஓமம், கற்பூரம் எல்லாம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஊற்றி ஊறவைத்தார். ஊறி முடித்து அருவியை நோக்கி நடந்தபோது போலீஸ் விசில் ஊதியது. மலையில் மழையாம், தண்ணீர் கூடிவிட்டதாம், யாரும் குளிக்கக்கூடாதாம். நானும் என்னைப்போல் பளபளத்த இன்னும் பலரும் துரத்தப்பட்டோம்.

நேரமாகிவிட்டது. துண்டால் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். பத்து நிமிடத்தில் என் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிட்டது. தவிர, கூடாது என்று சொன்னது சென்ட்டைத்தான். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! (அறிவாளிக்கு ஆயிரம் நியாயம் கிடைக்கும்.)

மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் கல்யாண மண்டபம்போல வெள்ளை உறை. நிகழ்ச்சியை நடத்த பெங்களூரிலிருந்து வந்திருந்த பெண், முதல் கோப்பையை வறுத்த முந்திரியோடு கொடுத்தார். கொச்சிக்காரர் மோந்துவிட்டு, "கற்பூரம் உண்டு" என்றார். அந்தப் பெண் புருவத்தைச் சுருக்கினார். மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு மணமும் தெரியவில்லை. அதனால், ஸ்காட்லாந்தில் இதெல்லாம் சகஜம் என்று தைரியமாகச் சொன்னேன்.

இரண்டாவது, மங்குஸ்தான் பழத்தோடு வந்தது. அதிலும் கற்பூரம், கூடவே ஓமம் என்றார் கொச்சிக்காரர். நல்ல பழைய சரக்கு என்றேன். மூன்றாவது, மிளகு போட்ட நாட்டுக்கோழி வறுவலோடு வந்தது. கொச்சிக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாத்திலும் ஒரே மணம் உண்டல்லோ. இது விஸ்கியோ, கஷாயமோ?"

யாரோ வாசனையாக எதையோ போட்டு வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். மச்சான் ஓடிப்போய் வரவேற்பறை சாமி படத்து ஊதுபத்தியை அணைத்துவிட்டு வந்தார். மணம் போகவில்லை. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு கோழியைத் தின்றிருக்கலாம். ஆனால் நான்தான் நிபுணன் ஆயிற்றே.

"சார் நெத்தியில சந்தனம் வச்சிருக்காருல்லா" என்றேன்.

கொச்சிக்காரர் எழுந்து போய், காலையில் கோயிலில் இட்டுக்கொண்ட சந்தனத்தைக் கழுவிவிட்டு ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்தார். மணம் அப்படியே இருந்தது.

காற்றோட்டமாக ஜன்னல் பக்கம் போய் உட்காரலாம் என்றார் அந்தப் பெண். எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். என்னோடு நாற்காலி உறையும் எழுந்தது. முதுகிலிருந்து அதை உரித்து எடுத்தபோது அதில் என் தோள், முதுகெலும்பு, பனியனின் வளைவு எல்லாம் மஞ்சளாக அச்சடித்த மாதிரி பதிந்திருந்தன. கொச்சிக்காரர் குனிந்து, அன்று முதல்முறையாக நிதானமாக, ரசித்து மோந்தார்.

"இது தைலமல்லே?"

மச்சான் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிக மெல்லிய குரலில், "மாப்ள, உள்ள போயி சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாரும்" என்றார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். குளியலறையில் நின்று, அந்த மனுசனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று உண்மையிலேயே அழுதேன்.

குளித்துவிட்டு வந்தால் நிகழ்ச்சி நடந்த அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத்தான் மச்சான் வெளியே வந்தார். கொச்சிக்காரர் சம்மதித்துவிட்டாராம். மாதாமாதம் ஆட்களை அனுப்புவாராம். ஒரே ஒரு நிபந்தனை, விஸ்கி நிகழ்ச்சி நடக்கிற அன்று நான் அந்த வளாகத்துக்குள் இருக்கக்கூடாதாம். மச்சான் யோசிக்க அவகாசம்கூடக் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கும் அந்த நாட்களில் வாட்ச்மேன் என்னைப் பார்த்தால் சல்யூட் அடித்துவிட்டுக் கேட்டைச் சாத்துகிறார்.

போன மாதம் வீரகேரளம்புதூரில் மச்சான் மகள் கல்யாணம். கொச்சிக்காரரும் வந்திருந்தார், நெற்றி நிறையச் சந்தனத்தோடு. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் கௌரவமாக உட்காரப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. என் மாமியார். கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவர். கைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்து, நாற்காலியின் முதுகில் பக்குவமாக விரித்துவிட்டார்.

"இப்ப உக்காருங்க மாப்ள. வெள்ளை உறைலா."