அட்மின் பதவியை அண்ணாச்சிக்குக் கொடுத்த கதை

பணிவு நல்ல குணம்தான். ஆனால் கம்ப்யூட்டரிடம் அது செல்லாது. இதை நான் தெரிந்துகொள்வதற்குள் ஒரு கப்பலையே தவறவிடப் பார்த்தேன்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஏற்றுமதிச் சரக்குகளுக்கு ஆவணம் தாக்கல் செய்யும் சின்ன அலுவலகம். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் முதல் வேலை. சேர்ந்த இரண்டாவது வாரமே எல்லோரையும் குரூப் பிரித்தேன். எதையும் மாற்ற அனுமதியுள்ள ‘அட்மின்’ குரூப்பில் நான் மட்டும். மற்றவர்கள் எல்லாம் சாதாரண ‘யூசர்’. அந்தப் பட்டியலை அச்சடித்துச் சுவரில் வேறு ஒட்டினேன். (வேண்டாத வேலை.)

ஹெட்கிளார்க் தங்கராஜ் அண்ணாச்சி அதை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

“இருவது வருசமா இங்கன கெடக்கேன். நேத்து வந்த பிள்ள எனக்கு மேலயா?”

அன்று அவர் டீ கூடக் குடிக்கவில்லை. நானோ நாசரேத்து டீச்சர் மகள், பெரியவர்கள் மனம் நோகப் பொறுக்க மாட்டேன். அண்ணாச்சியை அட்மின் ஆக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். அவருக்குச் சரிசமமாக நானும் இருப்பது மரியாதையில்லை என்று தோன்ற, என்னை யூசராக மாற்றிக்கொண்டேன். மறுநாள் அண்ணாச்சி முந்திரி மக்ரூன் வாங்கித் தந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி புது டிஜிட்டல் கையெழுத்துக் கருவியோடு வந்தார். (பென்டிரைவ் மாதிரி இருக்கும்.) உடன்குடிக் கருப்பட்டி கண்டெய்னர் துறைமுக வாசலில் நிற்கிறது. நாலு மணிக்குள் கையெழுத்திட்ட ஆவணம் போகாவிட்டால் கப்பலைத் தவற விட்டுவிடும். கருவியைச் செருகினேன். அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அண்ணாச்சியோ திருச்செந்தூர் கோயில் வரிசையில், போனை அணைத்துவிட்டு நிற்கிறார்.

“இதுக்குத்தானம்மா உன்ன வச்சிருக்கு?” என்றார் முதலாளி.

“சார், நான் யூசர்” என்றேன்.

மணி மூன்றரை. வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன். மகளுக்கு ஹார்பர் பக்கம் உத்தியோகம் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கும் அம்மாவிடம் என்ன சொல்வதென்று யோசிக்கத் தொடங்கினேன். அப்போதுதான் காலையில் அலுவலகத்தைத் திறந்து, பெருக்கி, டீ போட்டுத் தரும் செல்வியக்கா டம்ளரோடு வந்தார்.

“அட்மினா? நானும் அதுலதானே இருக்கேன்.”

தினமும் காலையில் அக்கா பிரிண்டரைப் போட்டால் அது அட்மின் பாஸ்வேர்டு கேட்குமாம். ஒவ்வொரு தடவையும் எழுந்துவர அலுத்துப்போன அண்ணாச்சி, அக்காவையும் அந்தக் குரூப்பில் போட்டுவிட்டாராம்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏளா, திரும்பி நில்லு. பாஸ்வேர்டு அடிக்கையில யாரும் பாக்கப்புடாதுன்னு நீதான பாடம் எடுத்த.”

நானும் முதலாளியும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். நான் ஒட்டிய பட்டியல் அங்கேதான் இருந்தது. கடைசி யூசர், செல்வி.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆவணம் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, “உன்னயும் சேத்துவிடட்டா?” என்று கேட்டார். முதலாளி தலையாட்டினார்.

இன்று நாலு கிளைகளின் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பில். ஒவ்வொரு கிளையிலும் அட்மின் இரண்டு பேர். ஒருவர் நான், இன்னொருவர் காலையில் கதவைத் திறக்கும் ஆள். என் கல்யாணத்தில் செல்வியக்கா மேடையேறி மாப்பிள்ளையிடம், “நான் சேத்துவிட்ட பிள்ள, பாத்துக்கிடுங்க” என்றார். மாப்பிள்ளைக்குக் கதை முழுவதையும் சொல்லவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது கறாராகச் சொன்னால், அவர் போனைக் கையில் எடுப்பார்.

“இரு, செல்வியக்காட்ட ஒரு வார்த்த கேட்டுருதேன்.”