உங்கள் தோளில் விழுகிற என் சொட்டு

அன்பும் மரியாதையும் கலந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் மாமாவும் தையல் மிஷினும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரியில்தான் சிக்கல். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எந்த போனையும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் தைப்பீர்கள், நான் பேசுவதை மாமாவும் பக்கத்து வீடும் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்களும் சேர்ந்து கேட்பார்கள். அதனால் கடிதம். எங்கள் பார்சல் கம்பெனி மூலமாகவே அனுப்புகிறேன், சீக்கிரம் வந்துவிடும். வராவிட்டால் புகார் எழுதிப் போடுங்கள், அதற்கு நான்தான் பதில் எழுதுவேன்.

போன வாரம் கடைக்குப் போன நீங்கள் ஒரு செருப்போடு திரும்பி வந்த கதையை அப்பா சொன்னார். வாசலில் மாமா, "இன்னொண்ணு எங்கே போச்சு?" என்று கேட்ட பிறகுதான் குனிந்தே பார்த்தீர்களாமே! அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆபீசில் சத்தமாகச் சிரிக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, மாடிப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதறாமல் உட்கார்ந்து படியுங்கள். கொஞ்ச நாளாக உங்கள் இடது பக்கம், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், ஜில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிற மாதிரி இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் ஈரம் இல்லை. வலி இல்லை, அரிப்பு இல்லை. இப்படியெல்லாம் உங்களுக்கு இருப்பது உங்களுக்கே தெரியாது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் இருப்பது உங்களுக்கு இல்லை, எனக்கு. ஆனால் டாக்டரைப் பொறுத்தவரை அது உங்களுடையது. எப்படி உங்களுக்கு வந்தது என்று முறையாகச் சொல்கிறேன்.

முதல் சொட்டு ஆபீசில் விழுந்தது. என் தலைக்கு நேர் மேலே ஏசி இருக்கிறது, அதுதான் ஒழுகுகிறது என்று நினைத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மறுபடி விழுந்தது, மறுபடி தள்ளினேன். யாரிடமாவது வாயைத் திறந்து சொல்வதைவிட நாற்காலியைத் தள்ளுவது எனக்குச் சுலபம், உங்களுக்குத்தான் தெரியுமே. இப்படித் தள்ளித் தள்ளி ஒருநாள் மேனேஜர் அறை வாசலை நான் முக்கால்வாசி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வர முடியாமல் உள்ளேயிருந்து, "ஏதாவது கோரிக்கை இருந்தா பேசித் தீர்த்துக்கலாமேம்மா" என்றார். போராட்டம் என்று நினைத்துவிட்டார் பாவம். அதற்குப் பிறகு ஏசி மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ஏணி போட்டு மேலே இருந்த பலகையைக் கழற்றினார். என் மேஜை மேல் தூசியும், யாரோ எப்போதோ ஒளித்து வைத்த பிஸ்கட் பாக்கெட்டும் விழுந்தன. தண்ணீர் மட்டும் விழவில்லை. "மேடம், இந்த ஏசியில தண்ணி சொட்டணும்னா முதல்ல அது குளிரணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஆபீசே சிரித்தது. நான் பிஸ்கட் பாக்கெட்டைக் குப்பையில் போடுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அடுத்தது அறையில் விழுந்தது. என் அறைக்கு மேலேதான் வீட்டுக்காரம்மாவின் குளியலறை, அதனால் சந்தேகமே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். நேரில் சொல்லப் பயந்து ஒரு துண்டுச் சீட்டில், 'மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, தங்கள் குளியலறைத் தண்ணீர் தயவுசெய்து ஒழுகுகிறது' என்று எழுதி அவர்கள் கதவிடுக்கில் செருகினேன். 'தயவுசெய்து' தப்பான இடத்தில் விழுந்தது பயத்தினால். அவர்கள் சீட்டோடு கீழே வந்து, "எங்கேம்மா ஒழுகுது, காட்டு" என்றார்கள். நான் என் தோளைக் காட்டினேன்.

"அங்க இல்லடி, சுவத்துல காட்டு!"

"சுவத்துல இல்லைங்க, என் மேலதான்..."

அவர்கள் நாற்காலி மேல் ஏறி கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "என் கன்னத்தைவிட வழவழன்னு இருக்கு, இதுல எங்கே ஒழுகுது?" என்றார்கள். இருந்தாலும் நல்ல மனுஷி. எதற்கும் இருக்கட்டும் என்று மேல் குளியலறைக் குழாயை மூடி, குடும்பத்தோடு என் குளியலறையில் குளித்தார்கள். நான் தினமும் முகம் கழுவக்கூட இடமில்லாமல் ஆபீசுக்கு ஓடினேன். அந்த நாட்களில்தான் ஒரு காலை பஸ் ஸ்டாப்பில், மேலே மரமில்லை, கூரையில்லை, மேகம்கூட இல்லை, வெட்டவெளியில் அந்தச் சொட்டு விழுந்தது. பாதுகாப்புக்கு வாங்கிய குடை பைக்குள்தான் இருந்தது. விரித்துப் பிடித்தேன். குடைக்குள்ளும் விழுந்தது. ஒழுகுவது கட்டடம் இல்லை, நான்தான் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

இனி டாக்டரிடம் போவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். நான் படித்தது புள்ளியியல். ஆனாலும் மாத்திரை அட்டையைப் படிக்க, ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரிந்துகொள்ள, எல்லோரும் "படிச்சவளைக் கூப்பிடு" என்று என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள். யாருக்கு என்ன வந்தாலும் டாக்டரிடம் கூட்டிப்போய் பேசுவதும் நான்தான். அடுத்தவர்களுக்கு என்றால் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிடுகிறது. போன தடவை நீங்கள் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, "டாக்டர்கிட்ட மறைச்சா எப்படி அத்தை?" என்று அத்தனை பேர் முன்னால் உங்களை அதட்டினேனே, நினைவிருக்கிறதா? அதை நீங்கள் மறந்திருந்தால் நல்லது.

இணையத்தில் தேடிப் பார்த்தேன். தூக்கம் குறைந்தால் இப்படி இருக்கும் என்று தொடங்கி, என் பட்டத்தைவிட நீளமான பெயர் கொண்ட ஒரு வியாதியில் போய் முடிந்தது. லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். புள்ளியியல் படித்தவள் என்ற முறையில் இதற்குப் பயப்படக் கூடாது. ஆனால் அந்த லட்சத்தில் ஒருவரும் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? என் நாற்காலி வேறு ஊர்வலம் போய்க்கொண்டே இருந்தது. போனால் டாக்டர் சிரிப்பாரோ என்று பயம். சிரிக்காமல் இருந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் உங்கள் எல்லோருடைய அட்டைகளையும் யார் படிப்பது என்று யோசித்து, ஆபீஸ் கழிவறையில் கொஞ்சம் அழுதேன். அப்போதும் ஒரு சொட்டு விழுந்தது. அது கண்ணீரா அந்தச் சொட்டா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நேற்று ஆபீஸ் முடிந்ததும் ஒருவழியாகத் துணிந்து, உங்களையெல்லாம் கூட்டிப்போகிற அதே டாக்டரிடம் போனேன். டோக்கன் கொடுக்கிற அக்கா, "இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டோக்கனை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் துணைக்கு வருகிறவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளியின் முக்காலி காலியாக இருந்தது. டாக்டர் முக்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், "உள்ள வரச் சொல்லுங்க" என்றார். எழுந்து அந்த முக்காலிக்கு மாறுவதற்கு இரண்டு எட்டுகூட இல்லை அத்தை. என்னால் முடியவில்லை.

"அவங்க வரல டாக்டர்" என்றேன்.

"யாரு?"

"அத்தை."

என் வாய்தான் சொன்னது, நான் இல்லை. அவர் உடனே உங்கள் பெயரைத் தட்டி கம்ப்யூட்டரில் உங்களை வரவழைத்துவிட்டார். அதற்குமேல் பின்வாங்க வழியில்லை. "இடது தோள்ல தண்ணி சொட்டற மாதிரி இருக்காம்" என்றேன். "தோள்ல கனமா ஏதாவது தூக்குவாங்களா?" என்று கேட்டார். "அவங்க தூக்கறது ஊசியும் நூலும்தான் டாக்டர்" என்றேன், மிகத் தெளிவாக. "சர்க்கரை இருக்கே, கால் எப்படி? மரத்துப்போகுதா?" என்றார். அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் பொய் நம்பும்படி இருக்க நடுவில் ஒரு உண்மையைச் செருக வேண்டுமல்லவா, உங்கள் செருப்புக் கதையை எடுத்துவிட்டேன். மாமா மாதிரி இடுப்பில் கை வைத்து நடித்தே காட்டினேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"கழன்றது அவங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"தெரியவே இல்ல டாக்டர்! தெரு முழுக்க அப்படியே நடந்து வந்திருக்காங்க!"

"எந்தக் கால்?"

அப்பா அதைச் சொல்லவில்லை. குத்துமதிப்பாக வலது என்றேன். காலில் புண் உண்டா, ராத்திரி எரிச்சல் உண்டா என்று அந்தச் செருப்பை விட்டு அவர் நகரவே இல்லை. காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்துச் சலித்தவர், ஒரு வேடிக்கைக் கதை கிடைத்ததும் விட மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் பரிசோதனைகள் எழுதி, "அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். ஒருவழியாக என் சொட்டை ஒருவர் பெரிதாக எடுத்துக்கொண்டாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொட்டு விழுந்தது. தடவிப் பார்க்கக் கையைக் கொண்டுபோனால், நடுவில் என் பையின் பட்டை. உள்ளே லேப்டாப், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குடை. பட்டை சரியாக அந்த இடத்தில்தான் அழுத்திக்கொண்டிருந்தது. தோளில் கனமா ஏதாவது தூக்குவாங்களா என்று கேட்டவருக்கு முன்னால் இதை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தானா என்று உறுதியாகத் தெரியாது. எனக்குக் கேட்க வாயும் இல்லை.

ஆகவே உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்வது. வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து முக்காலியில் உட்கார வேண்டும். இடது தோள், மறந்தும் வலது என்று சொல்லிவிடாதீர்கள். சொட்டு என்று மட்டும் சொல்லுங்கள், உங்கள் வழக்கப்படி அருவி மாதிரி கொட்டுகிறது என்று ஆரம்பிக்க வேண்டாம். எத்தனை நாளாக என்று கேட்டால் என் முகத்தைப் பாருங்கள். கனமான ஒரு பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் டாக்டர் தானாகவே கண்டுபிடித்துவிடுவார், துணி அளவு நோட்டு, கத்திரி, இஸ்திரிப் பெட்டி என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். மாமாவைக் கூட்டிவர வேண்டாம். அவர் உண்மை பேசுகிறவர்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும், தோளில் ஏற்கெனவே இடமில்லை.

என்றும் உங்கள்,
படிச்சவ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது எங்கள் ஆபீஸ் பழக்கம். படித்தேன். சொட்டைப் பற்றி டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மீதி எல்லாமே செருப்பைப் பற்றி. அவர் வரச் சொன்னது நான் ஜோடித்த சொட்டு அத்தையை இல்லை, செருப்பைத் தொலைத்த உங்களை.

உடனே உங்களுக்கு போன் செய்தேன். ஸ்பீக்கர் என்று தெரிந்தும் "கால் எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி, மிஷின் மிதிச்சு மிதிச்சுப் பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். பின்னாலிருந்து மாமா, "கொதிக்கற தண்ணியில காலை வெச்சுட்டு, ஆறிப்போச்சு, சுட வெச்சுக் குடுங்கறா!" என்று கத்தினார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா நீ டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவியே" என்றீர்கள். நான் சிரித்த மாடிப்படிக்கே போய் இந்த வரிகளை எழுதுகிறேன்.

அதனால் மேலே சொன்ன எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மாமா கட்டாயம் வரவேண்டும். உங்கள் காலைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன், ஒன்று விடாமல் பேசுவேன். அது முடிந்ததும் நீங்கள் என்னைப் பிடித்து அந்த முக்காலியில் உட்கார வைத்து, என் சொட்டைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். பொய் இருக்கிற பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது.

பை வேண்டாம். வெறுங்கையோடு வாருங்கள். கிளம்பும்போதும், பஸ் ஏறும்போதும், இறங்கும்போதும் குனிந்து பாருங்கள், இரண்டு செருப்பும் இருக்கட்டும்.