பணிமூப்பு வரிசையில் முதலுதவி

பெயர்ப்பலகை அனுமதி அலுவலகத்தின் பதின்மூன்று ஊழியர்களும், தத்தம் சொந்த விருப்பத்தின் பேரில், வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மலையேறக் கடமைப்பட்டவர்கள் என்று இதன்மூலம் அறிவிக்கப்பட்டது. விருப்பமில்லாதவர்கள் தங்கள் விருப்பமின்மையை மூன்று பிரதிகளில் எழுதி, மேலதிகாரியின் விருப்பத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தச் சுற்றறிக்கையில் ‘தத்தம் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்பதற்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வைத்தவர் அந்த அலுவலகத்தின் கடைசி எழுத்தர். அவருக்குப் பெயரே காற்புள்ளி என்று ஆகிவிட்டது. ஊரில் எந்தக் கடைக்காரர் பலகை மாட்டினாலும் அதன் வாசகம் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். ‘சுடச்சுட’ என்பதில் ‘ச்’ விட்டுப்போனதற்காக ஒரு ரொட்டிக் கடையின் பலகையைப் பதினொரு மாதம் திருப்பித் திருப்பி அனுப்பினார். ‘ச்’ வந்து சேர்ந்தபோது ரொட்டிக் கடை சைக்கிள் கடையாக மாறியிருந்தது. அதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் எழுத்து எழுத்துதானே.

மலையேற்றம் எப்படி வந்தது என்றால், தலைமை அதிகாரியின் மச்சான் வேறொரு அலுவலகத்தில் தலைமை அதிகாரி. அவர் தன் ஊழியர்களோடு ஒரு மலை உச்சியில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று வந்தது. அன்று முதல் நம் அதிகாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதெல்லாம் மலையேறாதவனை மனுஷனாகவே யாரும் மதிப்பதில்லை என்று கூட்டத்தில் சொன்னார். பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் தலையாட்டினார்கள். மீதி ஒருவர் அவரே.

மலைக்குப் போனால் உயிர்காப்புப் பை ஒன்று வேண்டுமாம். அதில் என்னென்ன வைப்பது என்று முடிவு செய்யக் குழு அமைக்கப்பட்டு, நான்கு முறை கூடியது.

“திசைகாட்டி அவசியம் வேணும் சார்” என்றார் துணை அதிகாரி.

“நான் ஒரு பக்கம் போகச் சொல்றேன், அது வேற பக்கம் காட்டுது. அப்போ நீங்க யார் பேச்சைக் கேப்பீங்க?” என்று கேட்டார் தலைமை அதிகாரி.

துணை அதிகாரி யோசிக்காமல் “உங்க பேச்சைத்தான் சார்” என்றார். திசைகாட்டி நீக்கப்பட்டது.

“விசில்?” என்றார் கண்காணிப்பாளர். “வழி தவறினவங்க ஊதினா மத்தவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க.”

“அதாவது, கீழ இருக்கறவன் மேல இருக்கறவனைப் பார்த்து விசிலடிக்கலாம்கறீங்க?”

விசிலும் போயிற்று. கத்தரிக்கோல் இருக்கலாம், ஆனால் கூர்மையான பொருள் என்பதால் அதன் வாயை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த நூலை எதைக் கொண்டு வெட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. கைவிளக்கு இருந்தது, அதற்கான பேட்டரி வேறு பிரிவின் பொறுப்பு. தண்ணீர் கனமாக இருந்ததால், வழியில் உள்ள ஓடைத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததே என்று ஒரு சான்றிதழ் வாங்கிப் பையில் வைத்தார்கள். பிறகு வருகைப் பதிவேடு, ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, படம் எடுக்கும்போது பிடிக்கப் பத்தடி நீளத்தில் ஒரு பதாகை. எல்லாம் சேர்ந்து பை பத்தொன்பது கிலோ வந்தது. கடைசியாக, ஒரு மூலையில், காயத்தின் மேல் ஒட்டும் ஒட்டுக்கட்டு பன்னிரண்டு. கடையில் பெட்டி அப்படித்தான் வருகிறது.

அப்போதுதான் தலைமை அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“முதலுதவி, முதலுதவிங்கறீங்களே. முதல்ல யாருக்கு?”

காயம்பட்டவருக்கு என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. குறிப்பெழுதிக்கொண்டிருந்த காற்புள்ளி வாயைத் திறந்தார்.

“ஐயா, ‘முதல்’னு ஒரு சொல் வந்துட்டாலே அது உங்களைத்தானே குறிக்கும்? முதல் உதவி முதல் ஆளுக்கு. அதுக்கப்புறம் பணிமூப்பு வரிசைப்படி.”

தலைமை அதிகாரிக்குப் புல்லரித்துப்போனது. “பாருங்கய்யா, தமிழ் தெரிஞ்ச ஆள்!” என்றார். அதுவே மூன்றாம் விதி ஆயிற்று. தனிநபர் யாரும் சொந்தமாக மருந்துப் பொருள் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் பையில் ஒப்படைக்க வேண்டும் என்பது நான்காம் விதி. காயமில்லாதவர்கள் காயம்பட்டவர்களின் சுமையைத் தூக்க வேண்டும் என்பது ஐந்தாவது. மூன்றையும் எழுதிக் காற்புள்ளி வைத்தவர் காற்புள்ளிதான்.

வீட்டில் மனைவி விதிகளைப் படித்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“வரிசையில நீங்க எத்தனாவது?”

“பதின்மூணு.”

“ஒட்டுக்கட்டு எத்தனை?”

“பன்னெண்டு. ஆனா பொதுவா ஒருத்தருக்காவது காயம் படாதுன்னு எதிர்பார்க்கப்படுது.”

“எதிர்பார்க்கப்படட்டும். அந்தப் புது ஷூவை ரெண்டு நாள் வீட்டுக்குள்ள போட்டு நடங்க. கடிக்கும்.”

“அது மலையேற்றக் காலணி. வீட்டுக்குள்ள போடறதுக்கில்ல.”

சனிக்கிழமை விடிகாலையில் அவர் குளிக்கப் போனபோது சட்டைப் பையில் ஒரே ஒரு ஒட்டுக்கட்டை மடித்து வைத்தாள்.

மலை உண்மையில் நல்ல மலை. காற்று சில்லென்று வீசியது, பறவைகள் யாருடைய அனுமதியும் இல்லாமல் கத்தின. கடைசி ஆள் என்ற முறையில் பத்தொன்பது கிலோவும் காற்புள்ளியின் முதுகில் இருந்தது. முதல் மைலில் காலணி கடித்தது. இரண்டாவது மைலில் கொப்புளம் கண்டது. மூன்றாவது மைலில் அது உடைந்து, வெள்ளைக் காலுறையில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது.

“இவர் காலைப் பாருங்க சார்!” என்று கண்காணிப்பாளர் சிரித்தார். “நிஜமாவே கால்-புள்ளி!”

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். காற்புள்ளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. இன்னும் நான்கு மைல் ஏற வேண்டும், ஏழு மைல் இறங்க வேண்டும், குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

“ஐயா, ஒரு ஒட்டுக்கட்டு கிடைச்சா...”

“தாராளமா!” என்றார் தலைமை அதிகாரி. “விதி என்ன சொல்லுது? படிங்க.”

காற்புள்ளி பையை இறக்கி, விதிகளை எடுத்து, ஒற்றைக் காலில் நின்றபடி மூன்றாம் விதியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்கத்தான் அவருக்கே அதன் பொருள் விளங்கியது. சட்டைப் பையைத் தொட்டார். அங்கே மனைவி வைத்தது இருந்தது. நான்காம் விதியும் நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம் தடுமாறினார். பிறகு, பன்னிரண்டோடு ஒன்று சேர்ந்தால் பதின்மூன்று, பதின்மூன்றாவது தனக்கு என்று கணக்குப் போட்டு, அதை மனப்பூர்வமாகப் பையில் ஒப்படைத்தார்.

வழங்கல் தொடங்கியது.

“ஐயா, எங்க ஒட்டணும்? காயம்...” என்றார் காற்புள்ளி.

“மூணாம் விதியில காயம்னு எங்கயாவது இருக்கா?”

தேடிப் பார்த்தார்கள். இல்லை. தலைமை அதிகாரி நெற்றியில் ஒட்டிக்கொண்டார். படத்தில் அங்கேதான் தெரியுமாம். பிறகு கையை மறுபடியும் நீட்டினார்.

“ஐயா, ஒண்ணு குடுத்தாச்சே?”

“அது அலுவலகத் தலைவர்ங்கற முறையில. மலையேற்றக் குழுவுக்கும் நான்தானே தலைவர்?”

அதில் தவறு சொல்ல யாராலும் முடியவில்லை. இரண்டாவதை முழங்கையில் ஒட்டினார்கள். துணை அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்காணிப்பாளர் தாடையில் இருந்த மருவை மறைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்தார்கள், ஒட்டிக்கொண்டார்கள், திடீரென்று ஒவ்வொருவருக்கும் ஒரு வீரக்களை வந்துவிட்டது. பன்னிரண்டாவது ஆள் விலகியபோது காற்புள்ளி பெட்டிக்குள் கையை விட்டார். பெட்டி காலி.

“ஆக, காயம்பட்டவங்க பன்னெண்டு பேர்” என்றார் துணை அதிகாரி கவலையோடு. “காயமில்லாதவர் ஒருத்தர்தான். ஐந்தாம் விதி?”

அதையும் காற்புள்ளியே படித்தார். படித்து முடித்ததும் பன்னிரண்டு பேருடைய பைகளும் அவர் மேல் ஏறின.

உச்சியில் பதாகை பிடித்துப் படம் எடுத்தார்கள். அது ஊரெங்கும் பரவியது. கட்டுகளோடு நின்ற அதிகாரியைப் பார்த்து அவருடைய மச்சானுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்வி. காயம்பட்ட பன்னிரண்டு பேருக்கும் மூன்று நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தது. திங்கட்கிழமை ஒருவர் மட்டும் நொண்டிக்கொண்டே வந்து அலுவலகத்தைத் திறந்து அறிக்கை எழுதினார்: “பன்னிரண்டு பேர் காயமுற்றனர், ஒருவர் காயமின்றித் திரும்பினார்.” குதிகால் ஆற ஐந்து வாரம் ஆனது.

மறு ஆண்டு அலுவலகத்தில் ஒரு தட்டச்சுப் பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஊழியர் பதினான்கு. முந்தைய ஆண்டின் அனுபவத்தை முன்னிட்டு ஒட்டுக்கட்டும் பதினான்காக உயர்த்தப்பட்டது. பை இருபத்திரண்டு கிலோ ஆகி, அவள் முதுகில் ஏறியது. மூன்றாவது மைலில், அதே வளைவில், அவள் உட்கார்ந்துவிட்டாள். காலுறையில் அதே சிவப்புப் பொட்டு.

“சார், ஒரே ஒரு ஒட்டுக்கட்டு...”

காற்புள்ளிக்குத் தன் குதிகாலே வலிப்பது போலிருந்தது. மூன்றாம் விதியை அவரே படித்தார். அவரைப் போல் திருத்தமாகப் படிக்க ஆள் இல்லை. தலைமை அதிகாரி இரண்டு எடுத்தார். வரிசை நகர்ந்தது. பெட்டியில் மிஞ்சிய ஒன்று, பதின்மூன்றாவது ஆளான காற்புள்ளியின் கைக்கு வந்தது. அவள் அவரைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் காலணியைக் கழற்றி, நன்றாக இருந்த தன் குதிகாலில் அதை ஒட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி அதைக் கவனித்தாள்.

“மறுபடி கடிச்சுதா? காயம் எங்க?”

“காயம் புதுசா வந்த பொண்ணுக்கு. முதலுதவி எனக்கு.”

அதைச் சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. கூசிப்போனார். மனைவி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அலமாரியைத் திறந்து ஒரு முழுப் பெட்டி ஒட்டுக்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். “திங்கக்கிழமை லீவுதானே உங்களுக்கு? கொண்டுபோய்க் குடுங்க.”

திங்கட்கிழமை விடுப்பில் இருந்தபடியே அலுவலகம் போனார். அங்கே அவள் ஒருத்திதான். ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்: “பதின்மூன்று பேர் காயமுற்றனர், ஒருவர் காயமின்றித் திரும்பினார்.” காற்புள்ளி சரியான இடத்தில் இருந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா” என்றார், பெட்டியை நீட்டியபடி. “நான் செஞ்சது பெரிய தப்பு. அந்த விதியை மாத்தச் சொல்லி நானே எழுதித் தரேன். நீயும் கையெழுத்துப் போடு.”

அவள் பதறிப்போய் நிமிர்ந்தாள்.

“ஐயோ, மாத்திடாதீங்க சார்! அடுத்த வருஷம் எனக்குக் கீழ ஒருத்தர் சேரப்போறாங்களாம்.”